துக்க வீட்டில் தீர்ப்பு எதற்கு?

கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் யாராவது தற்கொலை செய்துகொண்டால், "நெஞ்சுவலி என்று சொல்லிவிடலாமா?" என்று பெரியவர்கள் உள்ளறையில் கூடிப் பேசுவார்கள். வெளியே நாற்காலியில் இருக்கும் ஒருவர், தாழ்ந்த குரலில்தான், ஆனால் நாலு பேருக்குக் கேட்கும்படி, "ஆத்துமா எங்கே போச்சோ!" என்பார். பெற்றவள் காதிலும் அது விழும். அடக்கம் முடிந்து பந்தல் பிரித்த பிறகும் அந்தச் சொல் அவளை விடாது.

இதில் வேதனை என்னவென்றால், அந்தத் தீர்ப்பைச் சபைகளே கைவிட்டுப் பல காலம் ஆகிறது.

சட்டம் மாறியது, பேச்சு மாறவில்லை

ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார், "கொலை செய்யாதே" என்ற கட்டளை தன்னுயிருக்கும் பொருந்தும் என்று வாதிட்டார். பிறகு வந்த நூற்றாண்டுகளில் தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலும் அந்தத் தடை இருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் அது இல்லை. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: கடுமையான மனநோயும் அச்சமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும், இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவையும் 2017-இல் அடக்கச் சடங்குக்கான தடையை விலக்க ஒப்புதல் தந்தது.

தற்கொலை தவறு என்ற போதனை அப்படியேதான் இருக்கிறது. செத்தவருக்குத் தண்டனை எழுதும் வேலையைத்தான் விட்டிருக்கிறார்கள். ரோமில் 1983-இல் மாறிய சட்டம் நம்மூர்த் துக்க வீடுகளுக்கு வந்துசேர நாற்பது வருடம் போதவில்லை போலிருக்கிறது.

எலியாவுக்குக் கிடைத்தது

"விசுவாசம் இருந்தால் மனச்சோர்வு ஏன் வருகிறது?" என்று கேட்பவர்கள் முதலாம் இராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில் கேட்ட ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கியிருந்தது. அவருக்கு ஜெபக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்தான் அரசி யேசபேலின் கொலை மிரட்டலைக் கேட்டு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்டார்.

பதிலுக்குப் பிரசங்கம் வரவில்லை. களைத்துத் தூங்குகிறார். தேவதூதன் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டு மறுபடியும் படுக்கிறார். இரண்டாவது முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான் தூதன். 'இங்கே உனக்கு என்ன வேலை?' என்ற கேள்வி வருவது நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். மனநல மருத்துவரும் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றித்தான் விசாரிப்பார்.

ஜெபிக்கலாம், மருந்தை நிறுத்தக்கூடாது

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், "நான் எல்லாருக்கும் பாரம்" என்று ஒருவர் பேசத் தொடங்கினால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பலரும் அதற்குள் பொறுமை இழக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது, "மாத்திரையை விட்டுவிட்டு ஆண்டவரை நம்புங்கள்" என்றால் அதோடு சிகிச்சை நின்றுபோகும்.

சில சபைகளில் நோயாளியையே உபவாசம் இருக்கச் சொல்கிறார்கள். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினாலும் நோய் வேகமாகத் திரும்பும்; தற்கொலை ஆபத்தும் கூடும். உபவாசத்தை வேறொருவர் அவருக்காக இருக்கலாமே!

மருத்துவத்தை அவிசுவாசம் என்பவர்களுக்கு வேலூரைக் காட்டலாம். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை, பாகாயத்தில் 1957 முதல் மனநல மையம் நடத்திவருகிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கி, நோயைப் புரிந்துகொண்டு திரும்ப வேண்டும் என்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

ஒரு பாதிரியார் தொடங்கிய தொலைபேசி

1935-இல் இங்கிலாந்தின் லிங்கனில், சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் பாதிரியார் பதினாலு வயதுப் பெண் ஒருத்தியை அடக்கம் செய்தார். மாதவிடாய் தொடங்கியதை ஏதோ அசிங்கமான நோய் என்று பயந்து உயிரை விட்டவள் அவள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு ஆள் இருக்கவில்லை. 1953 நவம்பர் 2 அன்று லண்டன் தேவாலயம் ஒன்றிலிருந்து வாரா தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு.

அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுக்கொடுத்தார்கள். அதிலேயே மனப்பாரம் இறங்கிப் பலர் பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பினார்கள். விஷயம் புரிந்த வாரா, கேட்கும் வேலையைத் தொண்டர்களிடமே விட்டுவிட்டார். அழைப்பவரிடம் தங்கள் மதத்தையோ கருத்தையோ திணிக்கக்கூடாது என்பது அவர்களுக்கு விதி. ஒரு பாதிரியார் போட்ட விதி என்பதைக் கவனியுங்கள். அதே வழியில் சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது 'சினேகா'.

இழந்தவர்களுக்கு என்ன செய்யலாம்

இப்படி ஒருவரை இழந்த வீட்டில் அழுகையோடு கோபமும் குற்றவுணர்வும் சேர்ந்தே வரும். "அன்றைக்கு அந்த ஃபோனை எடுத்திருந்தால்..." என்று மனம் ஓயாமல் கேட்கும். எப்படி நடந்தது, ஏன் செய்தார் என்று துருவாதீர்கள். "தேவ சித்தம்" என்றும் முடித்துவிடாதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். முதல் வாரம் சாப்பாடு தாராளமாக வரும். மூன்றாம் மாதம்தான் ஆள் தேவைப்படும். குழந்தைகளிடம் பொய் சொல்ல வேண்டாம், அவர்களுக்குப் புரிகிற அளவில் உண்மையைச் சொன்னால் போதும்.

எஞ்சியிருப்பவர்களுக்கும் தற்கொலை எண்ணம் வரும் ஆபத்து அதிகம். சந்தேகம் இருந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 'டெலி மனஸ்' 14416-இல் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழையுங்கள்.