முதல் உலகப் போரும் என் 41 மார்க்கும்

பி.ஈ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் சாப்ட்வேர் வேலை. அதற்கப்புறம்தான் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். "இந்த வயசுல இது எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆசை என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. முதல் அசைன்மென்ட்டின் கேள்வி இது: 1914இல் போர் மூண்டதற்கு ஜெர்மனி எந்த அளவுக்குப் பொறுப்பு? 2,500 வார்த்தைகளில் எழுத வேண்டும். ஆறு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினேன். 100க்கு 41 வந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகளை நிதானமாகப் படித்தேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

தேதி வரிசை கட்டுரை ஆகாது

நான் எழுதியிருந்தது இப்படிப் போகும். ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் கொலை. ஜூலை 5, 6 தேதிகளில் "என்ன செய்தாலும் பின்னால் நிற்கிறோம்" என்று ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி கொடுத்த வாக்குறுதி, அதாவது புகழ்பெற்ற 'வெற்றுக் காசோலை'. ஜூலை 23, செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. ஜூலை 28, செர்பியா மீது போர் அறிவிப்பு. ஜூலை 30, ரஷ்யாவின் பொதுப் படைதிரட்டல் உத்தரவு. ஆகஸ்ட் 1, ரஷ்யா மீது ஜெர்மனி போர். ஆகஸ்ட் 4, பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை. அன்றே பிரிட்டனும் போரில்.

தேதி எல்லாம் சரி. ஆனால் கேள்வி "என்ன நடந்தது?" இல்லையே. "எந்த அளவுக்கு" என்பதுதான் கேள்வி. ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தார்: "நடந்ததைச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் வாதம் எங்கே?" ஆபீசில் ஜூனியர் பசங்க சர்வர் ஏன் விழுந்தது என்று கேட்டால் லாகை அப்படியே காப்பி பண்ணி அனுப்புவார்கள். நான் திட்டுவேன். அதே வேலையைத்தான் இங்கே நானும் செய்திருக்கிறேன்.

மஞ்சள் புத்தகம்

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். ரஷ்யா தற்காப்புக்காகத்தான் படை திரட்டியது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஆதாரம், 1914 கடைசியில் பிரெஞ்சு அரசு வெளியிட்ட 'மஞ்சள் புத்தகம்'. ரஷ்யாவுக்கான பிரெஞ்சுத் தூதர் பலியோலோக் ஜூலை 31 அன்று பாரிசுக்கு அனுப்பிய தந்தி அதில் இருக்கிறது. ஆஸ்திரியா பொதுப் படைதிரட்டலில் இறங்கியதாலும், ஜெர்மனி ரகசியமாகத் தயாராகி வந்ததாலும் ரஷ்யா உத்தரவிட்டது என்று அது சொல்கிறது. மூல ஆவணம் கையில் கிடைத்தாச்சு என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த இடத்தில் சிவப்பு வட்டம்: "மூலத் தந்தியைப் பார்த்தீர்களா?"

பார்த்தேன். தூதர் உண்மையில் அனுப்பியது, ரஷ்யப் படையின் பொதுப் படைதிரட்டலுக்கு உத்தரவாகிவிட்டது என்ற தகவல் மட்டும்தான். காரணம் சொல்லும் பகுதி பாரிசில் சேர்க்கப்பட்டது. தேதியும் ஒத்துவரவில்லை. ரஷ்யாவின் உத்தரவு ஜூலை 30 மாலை. ஆஸ்திரியாவின் பொதுப் படைதிரட்டல் உத்தரவு ஜூலை 31. அடுத்த நாள் நடந்தது முந்தின நாள் முடிவுக்கு எப்படிக் காரணமாகும்? இரண்டு தேதிகளும் என் கட்டுரையிலேயே போட்டிருக்க வேண்டியவை. ஆஸ்திரியா ஜூலை 25இல் செர்பியாவுக்கு எதிராக எடுத்த பகுதிப் படைதிரட்டல் வேறு, இது வேறு. அந்த வித்தியாசத்தை நான் கவனிக்கவே இல்லை.

பிரான்ஸ் மட்டும் இப்படி இல்லை. ஜெர்மனியின் வெள்ளைப் புத்தகம், பிரிட்டனின் நீலப் புத்தகம், ரஷ்யாவின் ஆரஞ்சுப் புத்தகம் என்று ஒவ்வொரு நாடும் தனக்குச் சாதகமானதைப் பொறுக்கி வெளியிட்டது. எல்லாமே போர்க்காலத்தில் சொந்த மக்களையும் நடுநிலை நாடுகளையும் நம்பவைக்க அச்சடித்தவை.

யார், எதற்காகத் தொகுத்தார்கள்?

இது போருக்கு அப்புறமும் நிற்கவில்லை. 1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 231ஆவது பிரிவு, இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்றது. இழப்பீட்டுத் தொகைக்கு அதுதான் அடிப்படை. ஆக, பழி என்பது பணப் பிரச்சினையும் ஆகிவிட்டது. ஜெர்மன் வெளியுறவுத் துறை போர்ப்பழியை மறுக்கவே தனிப் பிரிவு வைத்தது. 1922 முதல் 1927 வரை 40 தொகுதி ஆவணங்களை ஜெர்மனி வெளியிட்டது. பிரிட்டனும் 1926இல் தொடங்கி 11 தொகுதி போட்டது. இவை இல்லாமல் ஆராய்ச்சியே இல்லை. ஆனாலும் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் படிக்க வேண்டும்.

1961இல் ஜெர்மனிக்குள்ளிருந்தே ஒரு குண்டு வெடித்தது. ஹம்பர்க் பேராசிரியர் பிரிட்ஸ் பிஷர், போருக்கான பெரும் பொறுப்பு ஜெர்மனிக்கே என்று எழுதினார். அவருடைய அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்துக்கான அரசுப் பணத்தையே 1964இல் நிறுத்திவிட்டார்கள்! பிஷரின் முக்கிய ஆதாரங்களில் ஒன்று 1914 'செப்டம்பர் திட்டம்': பெல்ஜியத்தை அடிமை நாடாக்குவது, பிரான்ஸை நிரந்தரமாகப் பலவீனமாக்குவது என்றெல்லாம் ஆசைப் பட்டியல். ஆனால் அதன் தேதி செப்டம்பர் 9. போர் தொடங்கி ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஜெயிப்போம் என்று நினைத்தபோது என்ன ஆசைப்பட்டார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. அதற்காகத்தான் ஜூலையில் போருக்குப் போனார்கள் என்பதற்குத் தனியாக வேறு ஆதாரம் வேண்டும். 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க் எழுதிய புத்தகமோ பழியை ஒரே நாட்டின் மேல் வைக்க மறுத்தது.

இரண்டாவது தடவை

மறுபடி எழுத அனுமதி கிடைத்தது. இந்தத் தடவை படிக்கும்போதே ஒரு தாளில் நாலு கட்டம் போட்டேன்: ஆவணம், எழுதிய தேதி, வெளியான தேதி, வெளியிட்டவர். கட்டுரையை முதல் பத்தியிலேயே என் பதிலோடு ஆரம்பித்தேன். பெர்லின் ஜூலை 5, 6இல் கொடுத்த ஆதரவு இல்லாமல் வியன்னா அவ்வளவு தூரம் போயிருக்காது; பெரிய போர் வரலாம் என்று தெரிந்தே அதைக் கொடுத்தார்கள்; அதனால் ஜெர்மனியின் பங்கு அதிகம். ஆனால் ஜூலை 30இல் ரஷ்யா எடுத்த முடிவும் தானாக நடந்ததில்லை, அதுவும் ஒரு தேர்வு. பிறகு இதற்கு எதிரான வாதங்களில் பலமானது எதுவோ அதை எடுத்துப் பதில் சொன்னேன். பலவீனமானதை அடித்துப்போட்டுவிட்டு ஜெயித்ததாகக் காட்டிக்கொள்வது சுலபம்; முதல் தடவை அதைத்தான் செய்திருந்தேன்.

64 வந்தது. "ரஷ்யா பற்றிய பகுதி இன்னும் அவசரமாக இருக்கிறது" என்று ஒரு குறிப்பும் இருந்தது. அதுவும் சரிதான்.

நூறு வருஷத்துக்கு முந்தின பழியை இப்போது எடைபோட்டு என்ன ஆகப்போகிறது என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கடந்து அனுப்பினார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் அறிவித்தபோது இங்கே யாரையும் கேட்கவில்லை. யார் யாரோ ஐந்து வாரத்தில் எடுத்த முடிவுகள் அவை. எந்த முடிவை யார், எப்போது, என்ன தெரிந்துகொண்டு எடுத்தார்கள் என்பதையாவது சரியாக எழுத வேண்டாமா? நான் ஒரு திருத்தப்பட்ட தந்தியை நம்பி அதைத் தப்பாக எழுதியிருந்தேன். அந்த 41 நியாயமான மார்க்தான்.