எந்த வில்லை நல்ல வில்லை?

எங்கள் உம்மும்மாவின் இரு கண்களிலும் வெண்புரை முதிர்ந்துவிட்டது, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொன்ன அன்றிரவு வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. “காசைப் பார்க்க வேண்டாம். இருப்பதில் விலை கூடிய லென்ஸையே போடுவோம்” என்றார் பெரிய மாமா. அன்பினால் சொன்ன வார்த்தைதான். ஆனால் விலை கூடிய வில்லை எல்லோருக்கும் நல்ல வில்லையாகுமா? இக்கேள்விக்கு விடை தேடியபோது அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

நமது கண்ணில் கதிராளிக்குப் பின்னால் தெளிவான வில்லை ஒன்று இருக்கிறது. தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது மெலிந்தும், அருகிலுள்ளதைப் பார்க்கும்போது தடித்தும், அது ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. நாற்பது வயதளவில் இந்த நெகிழ்ச்சி குறைவதாலேயே வாசிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. முதுமையில் வில்லையிலுள்ள புரதங்கள் திரண்டு அது மங்கிப்போவதே வெண்புரை. இதைக் கரைக்கும் சொட்டு மருந்து இல்லை. மங்கிய வில்லையை அகற்றிவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்துவதே வழி.

செயற்கை வில்லையின் கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்களில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் கண்ணுக்குள் தங்கியும் பெரிய அழற்சியை ஏற்படுத்தவில்லை என்பதை ஆங்கிலேய வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். அதே வகைப் பொருளில் வில்லை செய்து, 1949ஆம் ஆண்டு லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் முதன்முதலாகப் பொருத்தினார். இன்று மடித்துச் செலுத்தக்கூடிய மென்மையான வில்லைகள் வந்துவிட்டன.

அவற்றுள் மொனோபோகல் எனும் ஒற்றைக் குவிய வில்லையே உலகில் அதிகம் பொருத்தப்படுவது. அது ஒரு தூரத்தை மாத்திரம் தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு அமைப்பதால், வாசிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிபோகல் எனும் பல்குவிய வில்லையில் நுண்ணிய வளையங்கள் உள்ளன. அவை உட்புகும் ஒளியைப் பங்கிட்டுத் தூரத்துக்கும் அருகுக்கும், சில வகைகளில் நடுத்தூரத்துக்கும், தனித்தனியே குவிக்கின்றன. அதனால் பலர் பெரும்பாலான வேலைகளைக் கண்ணாடியின்றியே செய்கிறார்கள்.

ஆனால் பங்கிட்டால் ஒவ்வொரு பங்கும் சிறிதாகத்தானே இருக்கும்? மங்கல் வெளிச்சத்தில் பொருள்களைப் பிரித்தறிவது சற்றுக் குறையலாம். இரவில் வாகன விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரியலாம். மூளை இதற்குப் பழகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். சிலருக்குப் பழகாமலே போவதும் உண்டு. வில்லையை மாற்றலாம் என்றாலும் அந்தச் சத்திரசிகிச்சை முதலாவதைவிடக் கடினமானது. எனவே இரவில் வாகனம் ஓட்டுபவர்கள் நன்கு யோசிக்க வேண்டும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோர், முற்றிய குளுக்கோமா உள்ளோர், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தோர் ஆகியோருக்கு இவ்வில்லை பெரும்பாலும் பொருந்தாது. ஏற்கெனவே குறைந்த பார்வையை ஒளிப்பங்கீடு மேலும் குறைத்துவிடும்.

நாங்கள் கிளினிக்குக்குப் போனபோது வைத்தியர் விலையைப் பற்றிப் பேசவில்லை. கண்ணின் நீளத்தையும் வளைவையும் அளந்து, விழித்திரையைச் சோதித்த பின், உம்மும்மாவிடமே கேட்டார்: “அம்மா, ஒரு நாளில் நீங்கள் அதிகம் பார்ப்பது எதை?”

“சுபஹ் தொழுதிட்டுக் குர்ஆன் ஓதுவன். பிறகு தையல். தூரத்துக்குக் கண்ணாடி போட்டா என்ன மகன், இவ்வளவு காலமும் போட்டதுதானே” என்றார் உம்மும்மா.

எங்கள் மாநாட்டில் அவரிடம் யாருமே கேட்காத கேள்வி அது! நீரிழிவால் அவரது விழித்திரையில் பாதிப்பு இருந்ததால், பல்குவிய வில்லை வேண்டாம் என்றார் வைத்தியர். ஒற்றைக் குவிய வில்லையையே வாசிக்கும் தூரத்துக்கு அமைக்கலாம், தூரத்துக்குக் கண்ணாடி அணியலாம் என்றார். இப்படியும் ஒரு வழி இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே வில்லையைத் தெரிவுசெய்யும் முன், கண்ணுக்குரியவரிடமே கேளுங்கள்: அன்றாடம் என்ன வேலை செய்கிறார்? இரவில் வாகனம் ஓட்டுகிறாரா? கண்ணாடி அணிவது அவருக்குச் சிரமமா? கண்ணில் வேறு நோய் உண்டா என வைத்தியரிடம் கேளுங்கள். எல்லாம் பொருந்தினால் பல்குவிய வில்லை பெரும் வசதிதான். பொருந்தாவிட்டால் அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

இப்போது உம்மும்மா சுபஹுக்குப் பின் கண்ணாடியின்றியே குர்ஆன் ஓதுகிறார். வாசலில் யாராவது வந்தால்தான் கண்ணாடியைத் தேடுகிறார். பார்வை அல்லாஹ்வின் அருட்கொடை. அதை மீட்டுத் தரும் வில்லையை விலைப் பட்டியலைப் பார்த்தல்ல, பார்க்கப்போகும் மனிதரைப் பார்த்தே தெரிவு செய்வோம்.