அடுத்து என்ன பழகலாம்?

பியானோ கிரேட் சோதனை முடிவு வந்த கிழமையே அடுத்த கிரேட் புத்தகத்தைப் பற்றிய பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. வட்டுக்கோட்டைப் பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு மச்சாள், ரொறன்ரோவில் ஒரு மச்சான். அவர்கள் ஐந்தாம் கிரேட் முடித்துவிட்டார்கள் என்றால் இங்கே நான்கில் நிற்பது குறைச்சலாகத் தெரிகிறது. "ரீச்சர், அடுத்தது எப்ப தொடங்கலாம்?" என்று அம்மா கேட்கிறார். பிள்ளைக்கு எந்தப் பாட்டு வாசிக்க விருப்பம் என்று எவரும் கேட்பதில்லை.

இலங்கையில் ஏ.பி.ஆர்.எஸ்.எம்., ட்ரினிட்டி என்ற இரண்டு லண்டன் சபைகளின் சோதனைகளும் நடக்கின்றன. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் வழமையான செய்முறைச் சோதனைக்கு மொத்தம் 150 புள்ளி, 100 எடுத்தால் சித்தி. அந்த 150இல் 90 புள்ளி மூன்று பாட்டுகளுக்கே போகிறது. ஆகவே ஆண்டு முழுவதும் அந்த மூன்றையே தேய்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு கிரேட் என்று எட்டு வரை ஏறிய பிள்ளையின் கையில் கடைசியில் இருப்பது 24 பாட்டுகள். அவற்றிலும் பழையவை மறந்திருக்கும். எட்டாம் கிரேட் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வீட்டில், விருந்தாளி வந்து "ஒன்று வாசி பிள்ளை" என்றால் பிள்ளை முழிப்பது இதனால்தான். புதுத் தாளைக் கண்டவுடன் வாசிக்கும் பழக்கமும் இப்படி வளராது.

அடுத்த பாட்டு இப்போது முடித்த கிரேட்டைவிட எளிதாக இருக்கலாம் என்பது என் கட்சி. ஒரு பெரிய பாட்டு கையில் இருக்கும்போதே கூடவே இரண்டு கிரேட் கீழான சின்னப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றை இரண்டு கிழமையில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இதற்கென்றே எழுதப்பட்டவை குவிந்து கிடக்கின்றன. ஷூமான் 1848இல் பிள்ளைகளுக்காக எழுதிய ஓபஸ் 68 தொகுப்பில் மட்டும் 43 பாட்டுகள். பர்க்முல்லரின் ஓபஸ் 100இல் 25. ஷோப்பானின் ஏ மேஜர் பிரெலூட் வெறும் 16 பார். இவையெல்லாம் காப்புரிமை முடிந்தவை. ஐ.எம்.எஸ்.எல்.பி. இணையத் தளத்தில் இலவசமாக எடுத்து அச்சடிக்கலாம்.

வட்டுக்கோட்டைக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1823இல் அமெரிக்க மிஷன் இங்கே செமினரியைத் தொடங்கி டானியல் பூவரைத் தலைவராக்கியது. கணிதம், வானியலோடு மேற்கத்திய மெட்டு ஞானப்பாட்டும் மிஷனோடு ஊருக்குள் வந்தது. செமினரி 1855இல் மூடப்பட்டாலும் யாழ்ப்பாணக் கல்லூரி அதன் வழியில் எழுந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனப் பேராலயமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. நான்கு குரலுக்கும் சுரம் அச்சிட்ட ஞானப்பாட்டுப் புத்தகத்தைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி நூல் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் ஒரு பக்கத்துக்குள் முடியும். 1551இன் ஜெனீவா சங்கீதப் புத்தகத்திலிருந்து வரும் 'ஓல்ட் ஹண்ட்ரட்' மெட்டுக்கு நான்கே அடி. மூன்றாம் கிரேட் பிள்ளை மெதுவாக வாசித்துவிடும். சைவப் பிள்ளைக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை அதே செமினரியில் படித்துவிட்டுப் பின்னர் சைவத்துக்குத் திரும்பியவர். செமினரிப் படிப்பு அவரிடம் எதையும் கெடுக்கவில்லை.

அடுத்தது இடது கை. இணுவில், அளவெட்டி நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. ஒற்றை மெட்டையும் தாளத்தையும் அது நுட்பமாகப் பிடிக்கும். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு மெட்டுகளைப் பிரித்துக் கேட்பது அதற்குப் புதிது. அதனால் வலது கை பாடும்போது இடது கை சும்மா தாளம் போடுகிறது. இந்தக் குறைக்கு மருந்து பாக்கின் 15 இன்வென்ஷன்கள். இரண்டு குரலையும் தெளிவாக வாசிக்கப் பழகுவதற்கென்றே எழுதினேன் என்று 1723ஆம் ஆண்டுப் பிரதியின் முகப்பில் பாக்கே சொல்கிறார். சி மேஜரில் உள்ள முதலாவதை எடுங்கள். வலது கை சொன்னதை அரை பாரிலேயே இடது கை திருப்பிச் சொல்லும். ஐந்தாம் கிரேட் அளவுக்கு வந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல அடுத்த பாட்டு எனக்குத் தெரியாது.

வீட்டில் இருக்கும் வாத்தியத்தையும் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். நம்மூரில் பல வீடுகளில் இருப்பது 61 கட்டைக் கீபோர்டு. பாக்கின் இன்வென்ஷன்கள் நான்கு ஸ்தாயிக்குள் அடங்குபவை, பெடலும் கேட்காதவை. அந்தக் கீபோர்டில் தாராளமாக வாசிக்கலாம். பீத்தோவனின் 'மூன்லைட்' அப்படியல்ல. முதல் பகுதியின் இரண்டாவது பாரிலேயே இடது கை 61 கட்டைக்குக் கீழே இறங்கிவிடும், பெடல் இல்லாமல் அதற்கு உயிரும் இல்லை. அதன் மூன்றாம் பகுதியை யூடியூபில் பார்த்துவிட்டு ஆசைப்படும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: அது டிப்ளோமாக்காரர்களின் பாட்டு, பொறுங்கள்.

'ஃபர் எலிஸ்' கேட்காத பிள்ளை இல்லை. 1810இல் எழுதப்பட்டு, பீத்தோவன் இறந்து 40 ஆண்டுகளின் பின் 1867இல் அச்சேறியது. தொடக்கம் எளிது, நடுப்பகுதிகள் இரண்டும் கடினம். தொடக்கத்தை மட்டும் தட்டிவிட்டு நிறுத்துவதென்றால் தொடங்காமலே விடலாம்.

ஒரு பாட்டு பிள்ளைக்கு ஏற்றதா என்று பார்க்க, ஆகக் கடினமான பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கையாக, மிக மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே இருப்பில் அந்தப் பக்கம் முடிந்தால் எடுக்கலாம். நான்கு பாருக்குள் பிள்ளை தடுமாறி நின்றால் அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். எட்டுச் சுரம் எட்டாத சின்னக் கைக்கு ஒக்டேவ் நிறைந்த பாட்டைக் கொடுத்து மணிக்கட்டை நோகவைக்க வேண்டாம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். சோதனை முடிவு வந்த பின் மூன்று மாதத்துக்குக் கிரேட் புத்தகம் வாங்காதீர்கள். ரீச்சரிடம் மூன்று பாட்டுகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் எதைப் பழகுவது என்பதைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும்.