சர்வர் தூங்கினால் சோறு உண்டா?
(எட்ஜ் கம்ப்யூட்டிங் - ஓர் எளிய விளக்கம்)

- இரண்டாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை, தென்னேரி



போன வருடம் ஐப்பசி மாதம். களை எடுக்கும் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு அம்மா ரேஷன் கடை வரிசையில் போய் நின்றாள். முறை வந்ததும் மிஷினில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. முந்தானையில் விரலைத் துடைத்து மறுபடி வைத்தாள். "சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அன்றைய கூலியும் போச்சு, அரிசியும் வரவில்லை.

வீட்டில் சொன்னபோது ஆயா கேட்டாள்: "எந்த ஓட்டல் சர்வர்டீ?" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, கட இங்க கீது, மூட்ட இங்க கீது, என் வெரலும் இங்கதான் கீது. எங்கியோ இருக்கிற ஒண்ணு தலையாட்டினாத்தான் அரிசியா? நீ படிக்கிற படிப்புல இதுக்குப் பதில் கீதா?" என்றாள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா படிப்பைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு நூலகத்திலும் லேபிலும் உட்கார்ந்து தேடியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிளவுட். மேகம் என்று பெயர்தானே தவிர வானத்தில் ஒன்றும் கிடையாது. பெரிய கட்டடம், ஏ.சி., ஜெனரேட்டர், உள்ளே வரிசையாக இரும்பு அலமாரிகள் (இதற்கு ரேக் என்று பெயர்), அவற்றில் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள். அவைதான் சர்வர். சொந்தமாக வாங்காமல், வேண்டும்போது வேண்டிய அளவு வாடகைக்கு எடுத்து, உபயோகித்ததற்கு மட்டும் காசு கட்டுவதுதான் கிளவுட் முறை. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிறோமே, அந்த மாதிரி. ஒரு கம்பெனியின் இத்தகைய கட்டடங்கள் சேர்ந்திருக்கும் வட்டாரத்தை ரீஜியன் என்பார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-ல் புனே, மும்பை, சென்னை ஆகிய மூன்று இடங்களில் திறந்தது. அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஐதராபாத்திலும் திறந்தது.

அடுத்து எல்லோரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள்: பேண்ட்வித், லேட்டன்சி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சுலபம், ஏனென்றால் எங்களிடம் ஏரி இருக்கிறது. மதகு எவ்வளவு அகலம், ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பது பேண்ட்வித். மதகைத் திறந்த பிறகு கடைமடை வயலுக்கு முதல் தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பது லேட்டன்சி. வயல் தூரத்தில் இருந்தால் மதகை அகலப்படுத்தினாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

நெட்டிலும் அப்படியே. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். தென்னேரியிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1000 கிலோமீட்டர். போக 5 மில்லி செகண்டு, வர 5, ஆக 10. அமெரிக்கா என்றால் 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 130 மில்லி செகண்டாவது வேண்டும். இது ஒளியின் கணக்கு மட்டும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. வழியில் ரௌட்டர்கள், டவர், நெரிசல் எல்லாம் இதோடு சேரும். எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. தூரத்தைத்தான் குறைக்க வேண்டும். தூரத்தைக் குறைத்து, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கம்ப்யூட்டரை வைத்துக்கொள்வதுதான் எட்ஜ் கம்ப்யூட்டிங். எட்ஜ் என்றால் ஓரம், விளிம்பு. அந்தச் சிறு கம்ப்யூட்டருக்கு எட்ஜ் நோடு என்று பெயர்.

இது புதிய யோசனையா? எங்கள் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை போட்டு ஆள் எடுத்து, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று 6 பேரை நியமித்தார்கள். கரை உடைந்தால் தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பி ராஜாவின் உத்தரவு வரும்வரை காத்திருக்க முடியுமா? சட்டதிட்டம் மேலிருந்து ஒப்புதல் பெற்றது, அன்றாட முடிவு ஊரில். கிளவுடும் எட்ஜும் இப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன.

கம்ப்யூட்டர் உலகில் இதன் முதல் பெரிய உபயோகம் சி.டி.என். என்பது. 1998-ல் தொடங்கிய ஆகமாய் கம்பெனி, அடிக்கடி கேட்கப்படும் படங்களையும் பக்கங்களையும் ஊர் ஊராக நகல் எடுத்து வைத்தது. இப்படி எடுத்து வைப்பது கேஷ். பாரிமுனையில் கிடைக்கிற உப்பை நம் மளிகைக் கடையிலும் ஒரு மூட்டை வைப்பது போல. ஆனால் இதில் சேமிப்புதான் உண்டு, யோசிக்கிற வேலை இல்லை. யோசிக்கிற கம்ப்யூட்டரையே பக்கத்தில் வைக்கலாம் என்று 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. அதற்கு 'கிளவுட்லெட்', அதாவது குட்டி மேகம் என்று பெயர். எழுதியவர்களில் முதல்வர் மகாதேவ் சத்யநாராயணன். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். இதைப் படித்த அன்று எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம். 2012-ல் சிஸ்கோக்காரர்கள் 'ஃபாக்', அதாவது மூடுபனி என்றார்கள். மேகம் தரைக்கு இறங்கினால் பனிதானே! 2014-ல் செல்போன் டவருக்குப் பக்கத்திலேயே சர்வர் வைக்கும் எம்.இ.சி. முறைக்கு ஐரோப்பாவில் விதிமுறை எழுத ஆரம்பித்தார்கள். பெயர்கள்தான் வேறு வேறு, விஷயம் பெரும்பாலும் ஒன்று.

நான் கண்ணால் பார்த்தது ஒரகடத்தில். எங்கள் வகுப்பை ஒரு தொழிற்சாலைக்கு ஐ.வி. கூட்டிப்போனார்கள். பெல்ட்டில் உதிரிபாகங்கள் வரிசையாக வருகின்றன, மேலே கேமரா, பக்கத்துத் தூணில் டிஃபன் டப்பா சைஸில் ஒரு பெட்டி. விரிசல் இருந்தால் ஒரு கை நீண்டு வந்து தள்ளிவிடுகிறது. அந்தப் பெட்டிதான் எட்ஜ். பெல்ட் செகண்டுக்கு 1 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். 130 மில்லி செகண்டில் பொருள் 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பதில் கடல் தாண்டி வருவதற்குள் கை நல்ல பொருளைத் தள்ளும், ஓட்டைப் பொருள் போய்ச் சேரும். இன்னொரு லாபமும் உண்டு. எல்லாப் படத்தையும் மேலே அனுப்பாமல், கெட்டுப்போனவற்றின் படத்தையும் அன்றைய எண்ணிக்கையையும் மட்டும் அனுப்பினால் போதும்.

இப்படி நூறு இடத்தில் பெட்டி வைத்தால் புரோகிராமை யார் போய் ஏற்றுவது? அதற்குத்தான் கன்டெய்னர். சோறு, குழம்பு, ஊறுகாய் எல்லாம் ஒரே கேரியரில் கட்டிக் கொடுப்பது போல, புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் சேர்த்துக் கட்டுவது. எந்தப் பெட்டியில் எது ஓட வேண்டும், நின்றுபோனால் மறுபடி கிளப்ப வேண்டும் என்று மேற்பார்க்கும் மேஸ்திரி குபர்னெட்டிஸ். 2014-ல் கூகுள் வெளியிட்டது.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ரேஷன் மிஷினே ஏன் முடிவெடுக்கக் கூடாது? ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. இப்போது ஒரே கார்டுக்கு வேறு கடையிலும் வாங்கலாம். நெட் இல்லாத நேரத்தில் இந்தக் கடையும் கொடுத்து, அந்தக் கடையும் கொடுத்தால்? எல்லா இடத்திலும் கணக்கு ஒன்றாக இருப்பது கன்சிஸ்டன்சி. எப்போது கேட்டாலும் பதில் கிடைப்பது அவெய்லபிலிட்டி. இணைப்பு அறுந்த நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்று எரிக் புரூவர் என்பவர் 2000-ல் எடுத்துச் சொன்னார். அன்று மிஷின் கணக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவை விட்டுவிட்டது.

ஆனால் நஷ்டத்துக்கு ஒரு வரம்பு கட்டினால் மறுபக்கமும் சாயலாம் என்பது என் அபிப்பிராயம். 2022 ஜனவரியில் ரிசர்வ் வங்கி நெட் இல்லாமல் பணம் செலுத்த அனுமதித்தபோது, ஒரு தடவைக்கு 200 ரூபாய், மொத்தம் 2000 ரூபாய் என்று வரம்பு வைத்துத்தான் அனுமதித்தது. பணத்துக்கே முடியும் என்றால் அரிசிக்கு முடியாதா? அந்தக் கடையின் கார்டுப் பட்டியலை மிஷினிலேயே வைத்து, ஒரு மாத அரிசியை மட்டும் கொடுத்துக் குறித்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் கணக்கை மேலே சேர்க்கலாம். இப்படிச் சேர்ப்பதற்கு சிங்க் என்று பெயர். மிஷினை யாராவது தூக்கிப்போனால் பட்டியலும் போகுமே என்பது உண்மைதான். அதனால் உள்ளே இருப்பதைப் பூட்டு மொழியில், அதாவது என்கிரிப்ட் செய்துதான் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப முன்ன அட்டையிலயே எழுதிக் குடுத்தாங்களே, அதான் நீ சொல்ற எட்ஜா?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஆமாம் என்றேன். "ஆனா ஒரு கடையில போடாத சக்கரையையும் போட்டதா எழுதிப்புடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே முறத்தை எடுத்து, அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.