பன்னீர் திராட்சைக்கு ஒரு போகம் ஓய்வு

எங்க கம்பம் பக்கம் வருகிற உழவர்கள் முதலில் கேட்பது, "வருசம் பூரா எப்படிங்க திராட்சை காய்க்குது?" என்பதுதான். அதற்கு மண்ணைவிட மலையைத்தான் காட்டணும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை, நடுவில் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். எங்களுக்குக் காற்றும் சாரலும்தான். ஆடிக்காற்று வாழையைச் சாய்க்கும், ஆனால் வெக்கையைத் தணிப்பதும் அதுதான்.

தண்ணீர் பெரியாற்றுடையது. மேற்கே ஓடிய ஆற்றை பென்னிகுவிக் 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அந்தத் தண்ணீரில்தான் இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல். தை மாதம் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கும் ஊர்கள் உண்டு.

பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல் மெல்லிசு, பறித்தால் சில நாள்தான் தாங்கும். அதனால் வியாபாரி சொன்னதுதான் விலை. விலை போதாதென்று கூடுதல் போகம் எடுக்கிறோம். காய் பறித்த கையோடு கவாத்து. கொடிக்கு ஓய்வில்லை, செவட்டை நோய்க்கும் ஓய்வில்லை, மருந்து அடிக்கிற ஆளுக்கும் ஓய்வில்லை.

நான் ஒரே வருசத்தில் ரசாயனத்தை நிறுத்தினேன். ஆனால் பழைய வழக்கப்படி புரட்டாசியில் கவாத்து பண்ணிவிட்டேன். கவாத்து பண்ணி ஒண்ணரை மாதத்துக்குள் பூ வந்துவிடும். ஐப்பசி மழையும் சரியாக அப்போதே பிடித்தது. பூவும் பிஞ்சும் கருகி, அந்தப் போகமே போச்சு. கடன்தான் மிச்சம். "இயற்கை விவசாயம்னா இதுதான்"னு ஊரே சொன்னது. தப்பு இயற்கையில் இல்லை, என் நாள்கணக்கில்.

இப்போது மார்கழிக் கடைசியில் ஒரு கவாத்து, சித்திரையில் பறிப்பு. வைகாசிக் கடைசியில் இன்னொன்று, புரட்டாசியில் பறிப்பு. ஐப்பசி, கார்த்திகை கொடிக்கு விடுமுறை. ஆடிச் சாரலில் கொஞ்சம் செவட்டை வரும். இலையை விலக்கிக் காற்றோட்டம் விட்டு, தேவைப்பட்டால் மட்டும் போர்டோ கலவை. அதிலும் தாமிரம் இருக்கு, மண்ணில் தங்கும், கணக்காகத்தான் அடிக்கணும். வருசத்துக்கு ஒருமுறை ஆட்டுக்கிடை போடுகிறேன்.

விளைச்சல் முன்னைவிடக் குறைவுதான், மறைக்கவில்லை. மருந்துச் செலவும் குறைந்ததால் கட்டுப்படியாகிறது. பெரிய சிக்கல் ஆள்தான். விடியும் முன்னே ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். மலையில் கூலி கூட, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஏலக்காய் போடிக்கு ஏலத்துக்கு வருகிறது; எங்க திராட்சைக்கு அப்படி ஒரு ஏலம் இல்லை.

இந்த வாரம் பந்தலுக்கடியில் சணப்பு விதைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவங்க சீக்கிரம் வாங்க, பூவெடுத்ததும் மடக்கி உழுதுவிடுவேன்.