நாய்களின் நரம்புச் சேதமும் பரிகாரமும்

வீதியில் மோட்டார் வண்டியால் அடிபட்ட நாய் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வருமாயின், வீட்டார் பெரும்பாலும் இரண்டிலொன்று செய்வர். இடுப்பு நரம்பு பிசகிற்று என்று எண்ணெய் பூசி உருவிவிடுவர். அன்றேல், இனித் தேறாது என்று அதன் உயிரைப் போக்க வழி தேடுவர். இரண்டும் அவசர முடிபுகளே. எந்த நரம்பு, எவ்விடத்தில், எவ்வளவு கெட்டது என்று அறிந்த பின்னரே அந்நாய் நடக்குமோ நடவாதோ என்று உரைத்தல் கூடும்.

நரம்பு என்னுஞ் சொல் பழந்தமிழில் யாழின் தந்தியையுங் குறித்தது; பேச்சு வழக்கிலோ குருதிக் குழாயையும் தசைநாரையுங்கூட நரம்பென்கிறோம். உருவிவிடும் வழக்கத்துக்கு இச்சொல் மயக்கமும் ஒரு காரணமென்பது எம் எண்ணம். மூளையின் ஏவலைத் தசைக்கும், உடலின் உணர்ச்சியை மூளைக்கும் கொண்டுசெல்லும் நுண்ணிழைகளின் கட்டே உண்மையான நரம்பு. அதைக் கையால் முறுக்கிச் சரிசெய்தல் இயலாது. முள்ளென்பு முறிந்திருக்கையில் முதுகை உருவினால் உள்ளேயுள்ள முண்ணாண் மேலும் நசியும். நாயைப் பலகையொன்றில் அசையாது கிடத்தி மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்வதே தக்கது. நோவு மிகுந்த நாய் வளர்த்தவரையும் கடிக்குமாதலின் எச்சரிக்கை வேண்டும். மனிதருக்குரிய நோவு மாத்திரைகளைக் கொடுத்தலாகாது. அவற்றுட் பல நாய்க்கு நஞ்சாகும்.

அடிபட்டதற்கு அடையாளமின்றி நாய் தள்ளாடி, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுக நிற்குமாயின், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கைவிடுதல் கூடாது. விசர்நாய் நோயின் ஒருவகை இவ்வாறே வாதமாகத் தோன்றும்.

வைத்தியர் செய்யும் சோதனைகளுள் மிக முக்கியமானது விரலென்பை இடுக்கியால் அழுத்திப் பார்த்தல். நாய் காலை உள்ளிழுத்தவுடன் "உணர்ச்சி இருக்கிறது" என்று பலர் மகிழ்வர். அது போதாது. காலை இழுத்தல் முண்ணாண் தானே செய்யும் தெறிவினை. மூளை அதனை அறிய வேண்டியதில்லை. நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க முயல வேண்டும். அப்போதே நோவு மூளையை எட்டிற்று என்பது துணிபு. முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டுப் பிதுங்கி முண்ணாணை நெருக்கும் நோய் டாக்சண்ட் முதலிய குறுங்கால் நாய்களுக்கு மிகுதி. அந்நோயில் இவ்வுணர்ச்சி எஞ்சியவற்றுட் பத்தில் ஒன்பது வரை சத்திரசிகிச்சையின் பின் நடக்கின்றன. அறவே அற்றவற்றிலும் ஏறக்குறையப் பாதி தேறுகின்றன. முள்ளென்பு முறிந்து விலகி உணர்ச்சியும் அற்ற நாய்க்கோ நம்பிக்கை மிகச் சிறிது.

முண்ணாணுக்கு வெளியேயுள்ள நரம்பின் நிலை வேறு. 1850இல் ஆங்கில மருத்துவர் வாலர், தவளையின் நாக்கு நரம்பை வெட்டி, வெட்டுக்கு அப்பாலுள்ள இழை சிதைவதைக் காட்டினார். இழை அழிந்தாலும் உறை எஞ்சினால், அதனூடே புதிய இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும். தோளிலிருந்து பாதம்வரை 30 சென்ரிமீற்றர் என்று கொண்டால் 300 நாட்கள் செல்லும். அதற்குள் தசை வற்றிவிடவுங் கூடும். அடிபட்ட நாயின் முன்னங்கால் துவண்டு தொங்க, அதே பக்கத்துக் கண்மணியுஞ் சுருங்கியிருப்பின், வேர் நரம்புகள் முண்ணாணிலிருந்தே பிடுங்குண்டன என்று வைத்தியர் ஐயுறுவர். கண்ணுக்குச் செல்லும் நரம்பிழைகளும் அவ்விடத்திலிருந்தே புறப்படுவதே காரணம். அத்தகைய கால் மீள்வது அரிது. வெட்டி நீக்கினும் நாய் மூன்று காலில் நன்றாக ஓடும்.

முண்ணாண் தானாக இவ்வாறு வளர்வதில்லை. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பின்னங்கால் செயலிழந்த 34 வளர்ப்பு நாய்களுட் பலவற்றுக்கு, அவற்றின் மூக்குள்ளிருந்தெடுத்து வளர்த்த கலங்களை முண்ணாணிற் செலுத்தினர். ஏனையவற்றுக்கு வெறுந் திரவத்தையே செலுத்தினர். கலம் பெற்றவற்றின் முன்கால் பின்கால் ஒத்தியங்கல் திருந்தியது. மூளையோடுள்ள தொடர்போ மீளவில்லை. அது வியத்தற்குரியதே, எனினும் வீட்டு நாய்க்கு இன்று உதவுவது நாட்கணக்கான பணிவிடையே.

தட்டு நோய் சிறிதாயின், ஏறக்குறைய நான்கு வாரம் கூட்டில் அடைத்து ஓய்வு கொடுப்பதே பரிகாரம். நாய் இரண்டாம் நாளே ஓடப்பார்க்கும், விடலாகாது. நடவா நாயை மெத்தென்ற படுக்கையிற் கிடத்திச் சில மணிக்கொருமுறை பக்கம் மாற்ற வேண்டும். சிறுநீர் தானே கழியாதாயின், வைத்தியர் காட்டியபடி அடிவயிற்றை மெல்ல அமுக்கி நாளுக்கு மூன்று முறையேனும் வெளியேற்ற வேண்டும். இதனைத் தவறவிட்டு நீர்ப்பை அழலுற்று இறக்கும் நாய்களும் உள. மரத்த பாதத்தை நாய் தானே கடித்துக் குதறுமாதலின் துணியுறை இடுவர். நடை மீளாதவற்றுக்குச் சக்கரம் பூட்டிய சிறு வண்டியிற் பின்னுடலைத் தாங்கவைக்கலாம். தொடக்கத்தில் சிறிது நேரமே அதில் விடுக, வார் உராயுமிடத்தில் தோல் புண்ணாகும்.