விலைக்கு முன் தகுதி

ஹல்துமுல்லையில் என் ஹார்ட்வெயார் கடைக்கு வரும் சிறு கொந்தராத்துக்காரத் தம்பி ஒருவர் மனம் நொந்து பேசினார். "நானா, ஸ்கூல் கட்டடத்துக்கு ஆகக் குறைஞ்ச விலை போட்டது நான்தான். ஆனா மதிப்பீட்டில ஒதுக்கிட்டாங்க." அவரது பதிவு காலாவதியாகியிருந்தது.

வியாபாரச் சகோதரர்களே, அரச கட்டட வேலைக்கு முதலில் தகுதி, பிறகுதான் விலை. முன்பு இக்டாட் செய்த பதிவை, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி இப்போது சீடா எனப்படும் அதிகாரசபை செய்கிறது. கட்டடம், வீதி, நீர்வழங்கல் என்று துறைவாரியாகப் பதிய வேண்டும். நிதிப்பலம், ஆளணி, இயந்திரங்கள், முன்னனுபவம் பார்த்துத் தரம் தருவார்கள். சீ9 அடித்தரம், எண் குறையக் குறைய பெரிய வேலைகளுக்கு வழி திறக்கும். ஐம்பது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டதென்றால் 1987ஆம் ஆண்டின் அரச ஒப்பந்தச் சட்டப்படியும் பதிந்திருக்க வேண்டும்.

"அடுத்த முறை வேறொருத்தர்ட பதிவில எடுத்துச் செய்யவா?" என்று கேட்டார். "வேணாம் தம்பி. காசு அவர் கணக்குக்குப் போகும், சீமெந்துக் கடன் உங்கட தலையில நிக்கும்" என்றேன். அந்தக் கடன் என் கொப்பியிலும் அல்லவா நிற்கும்!

பத்திரிகையில் விளம்பரம் வந்தபின் ஓடித் திரியாமல், உங்கள் சான்றிதழின் முடிவுத் திகதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.